நடத்துநர் பையும் ஆறு பல் உளியும்

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் இருந்த நாட்களில், கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக வண்டியில், திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையில் அவர் தோளில் தொங்கிய தோல்பை இப்போதும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. சென்ற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதைக் கீழே இறக்கினோம். முன்தோலும் பின்தோலும் இரண்டரை மி.மீ. தடிமனில், எண்ணெய் ஊறிக் கறுத்து, இன்னும் உறுதியாகவே இருந்தன. அவை இரண்டையும் இணைத்து, பக்கங்களையும் அடியையும் சுற்றி வரும் பட்டை மட்டும் வியர்வை உப்பிலும் மழை ஈரத்திலும் மட்கி, விரலால் இழுத்தாலே பிய்ந்து வந்தது. பருத்தி நூலும் இற்றுப்போயிருந்தது. புதிய பட்டை வெட்டி, பழைய தோல்களோடு கையால் தைத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மூன்று பணப்பைகளும் ஓர் இடைவாரும் தைத்த பழக்கம் கொடுத்த துணிச்சல்தான் அது.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் தோல் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் பையைக் காட்டினேன். அவர் முன்தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓரத்தில் வரிசையாகத் தெரிந்த துளைகளைப் பார்த்துவிட்டு, “தம்பி, பழைய ஓட்டையிலேயே நூலு போகட்டும். புதுசா ஒண்ணு போட்டுறாதிய, தபால்தலை மாதிரி கிழிஞ்சிரும்” என்றார். இந்த வேலை முழுவதையும் நடத்தியது அந்த ஒரு சொல்தான். ஏற்கெனவே துளையுள்ள தோலில், இரண்டு துளைக்கு நடுவே இன்னொன்று விழுந்தால் எஞ்சும் தோல் ஒரு மி.மீ.கூடத் தேறாது. ஆகவே பழைய தோலில் உளி வைக்கவே கூடாது. பழைய துளைகளின் இடைவெளியை அப்படியே புதிய பட்டைக்குக் கொண்டுவர வேண்டும். கைத்தையலில் அந்தப் பணியைச் செய்யும் கருவிதான் பிரிக்கிங் அயர்ன். நான் அதைப் பல்லுளி என்றே எழுதுகிறேன்.

பல்லுளி என்ற பெயரில் இரண்டு வேறு கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று குறியிடும் உளி. அதன் பற்கள் குட்டையாக, தட்டையாக, சாய்வாக இருக்கும். தோலின் மேற்பரப்பில் அரை மி.மீ. அல்லது ஒரு மி.மீ. ஆழத்துக்குச் சாய்ந்த கீறல்களைப் பதிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும், துளையிடுவது குத்தூசியின் பொறுப்பு. மற்றொன்று துளைக்கும் உளி. அதன் நீண்ட பற்கள் நுனியில் குறுகி மேலே அகன்றிருக்கும்; கொட்டாப்புளியால் இரண்டு அடி கொடுத்தால் தோலின் மறுபக்கம் வரை இறங்கும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. மெல்லிய பணப்பைக்கு அது வசதியானது. நானும் அதைத்தான் பயன்படுத்தி வந்தேன். ஆனால் நான்கு மி.மீ. தடிமனில் அடித்தால், பல் ஆப்பு போல இறங்கி மேல்பக்கத் துளையை அகலமாக்கிவிடும், கீழ்ப்பக்கத்திலோ துளை ஊசி நுழையாத அளவுக்குச் சிறுத்திருக்கும். உளியை வெளியே இழுப்பதற்குள் தோலும் வளைந்துவிடும்.

முதலில் பணம் செலவழிக்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்த எவர்சில்வர் முள்கரண்டி ஒன்றின் நான்கு முனைகளையும் அரத்தால் அராவி, சாய்வு கொடுத்து, ஒரு பல்லுளி செய்து பார்த்தேன். ஒரு மாலைப்பொழுது அதில் போனது. மெல்லிய தோலில் பத்து அடி வரை அழகாகக் குறி விழுந்தது. பதினோராவது அடியில் ஓரத்துப் பல் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டது. முள்கரண்டியின் எஃகு உணவுக்கானது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகு இடைவெளியை அளக்க உட்கார்ந்தேன். முன்தோலின் தையல் கோட்டில், வளைவுகளையும் சேர்த்து, ஒரு நூலை ஒட்டவைத்து எடுத்துப் பார்த்தால் 589 மி.மீ. நீளம் வந்தது. துளைகளை நான் எண்ணியபோது 152. அப்பா பையை வாங்கி, நிற்கும் பயணிகளுக்கிடையே நடந்தபடி தலை எண்ணிய அதே வேகத்தில், கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், 154 என்றார். மறுபடி எண்ணினேன்; அவர் சொன்னதே சரி. மூலைகளில் மெழுகு அடைத்திருந்த இரண்டு துளைகளை என் கண் விட்டுவிட்டது, அவர் விரல் விடவில்லை. 154 துளை என்றால் 153 இடைவெளி. 589-ஐ 153-ஆல் வகுத்தால் 3.85 மி.மீ. துளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை இலேசாகப் பிசகும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் முதலில் அப்படித்தான் வகுத்தேன். இரண்டு மூன்று துளைகளை மட்டும் அளவுகோலில் பார்த்து இடைவெளியை முடிவு செய்வதும் தவறு. அளவின் பிழை அப்படியே தங்கிவிடும். நீண்ட தூரத்தை அளந்து வகுத்தால் அந்தப் பிழை ஒன்றுமில்லாமல் போகும்.

3.85 மி.மீ. என்பது பல்லுளி உலகில் ஏழாம் எண் என்று படித்திருந்தேன். ஏழு என்று போட்டிருந்த உளி ஒன்றை வரவழைத்தேன். வந்ததை ஒரு தாளில் அழுத்தி, முன்தோலின் துளைகளோடு ஒப்பிட்டால், ஆறாவது பல்லிலேயே ஒரு மி.மீ. விலகியது. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஏழு என்ற எண்ணுக்கு இரண்டு பொருள் இருப்பதுதான் சிக்கல். இங்கிலாந்தில் குதிரைச் சேணத் தொழிலுக்குப் பெயர் பெற்ற வால்சால் ஊர் வழக்கில், எண் என்பது ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்பதைக் குறிக்கும், 25.4-ஐ ஏழால் வகுத்தால் 3.63 மி.மீ. பாரிசின் பழைய கருவித் தயாரிப்பாளரான வெர்ஜே பிளான்ஷார் போன்றவர்களின் வழக்கில், எண் பிரெஞ்சுப் பழைய அங்குலத்துக்கு உரியது. அந்த அங்குலம் 27.07 மி.மீ. நீளம் கொண்டது, அதை ஏழால் வகுத்தால் 3.87, கடையில் 3.85 என்று விற்கப்படுவது அதுவே. பிரான்ஸ் 1795-இல் மெட்ரிக் அளவைச் சட்டமாக்கிவிட்டது. தோல் தைப்பவர்களின் உளி மட்டும் அரசர் காலத்து அங்குலத்தை விடவில்லை. நம் ஊரில் நிலத்துக்குச் சென்ட்டும் தங்கத்துக்குச் சவரனும் நிற்கவில்லையா, அதுபோலத்தான்.

கால் மி.மீ. கூட இல்லாத வேறுபாடு என்று விட்டுவிட முடியாது. 153 இடைவெளிக்கு 3.63 வீதம் கணக்கிட்டால் 555 மி.மீ. தான் வரும், பட்டை 34 மி.மீ. குறைந்துவிடும், அதாவது பையின் ஒரு பக்க வாய் ஒரு விரற்கடைக்கும் மேல் மூடாமல் நிற்கும். நான்கு மி.மீ. உளி வாங்கியிருந்தால் மறுபுறமாக 23 மி.மீ. மிஞ்சியிருக்கும். எனவே உளி வாங்குபவர் எண்ணைக் கேட்காமல் மி.மீ. அளவைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய பொருள் செய்பவருக்கு எட்டும் ஒன்பதும் ஒரு ரசனைச் சிக்கல்தான்; பழையதைப் பழுதுபார்ப்பவருக்கு அது கணக்கு. புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஓர் அளவில் வாங்குவதானால் 3.85 அல்லது நான்கு மி.மீ. இடைவெளியில் ஆறு பல் ஒன்றும், அதே இடைவெளியில் இரண்டு பல் ஒன்றும் வாங்கலாம் என்பது என் கருத்து. பணப்பைக்கு அழகென்று சொல்லப்படும் மூன்று மி.மீ. உளிக்கு நூலும் மெல்லியதாக வேண்டும், தோலும் சீராகச் சீவப்பட்டிருக்க வேண்டும், கையும் பழகியிருக்க வேண்டும். இவை மூன்றும் எனக்கு இன்னும் ஒரே நாளில் கூடி வந்ததில்லை.

இரண்டாம் முறை 3.85 என்று அளவைக் குறிப்பிட்டு, குறியிடும் வகையிலேயே ஆறு பல்லும் இரண்டு பல்லும் வாங்கினேன். வந்ததும் தோலில் வைக்கவில்லை. தடித்த அட்டையை நனைத்து, அதன்மேல் மென்மையாக அழுத்தி, ஆறு குறிகளும் ஒரே ஆழத்தில் விழுகின்றனவா என்று பார்த்தேன். ஒரு பல் குட்டையாக இருந்தால் அதன் குறி மட்டும் மங்கும். அடுத்து, முதல் பல்லைக் கடைசிக் குறியில் நிறுத்தி மறுபடி அழுத்தி, இப்படிப் பத்து முறை நகர்ந்து, கோடு நேராகப் போகிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பற்களின் வரிசை உளியின் உடலோடு துளி கோணலாக இருந்தாலும் பத்து நகர்வுக்குள் அது படிக்கட்டாகத் தெரிந்துவிடும். இந்த இரண்டிலும் உளி தேறியது. பற்களின் பக்கங்களில் மட்டும் அரம் போட்ட வரிகள் சொரசொரப்பாக இருந்தன. அப்படியே விட்டால் தோலைக் கவ்விக்கொண்டு வெளியே வர மறுக்கும். பருத்திக் கயிற்றில் பித்தளை துலக்கும் பசையைத் தடவி, கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, ஒவ்வொரு பல்லிடுக்கிலும் நூறு முறை இழுத்தேன். கருவிக்கு நான் செய்த பராமரிப்பில் அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

அடிப்பதற்கு அசையாத தளம் வேண்டும். மேசை மேல் அடித்தால் உளி துள்ளும், குறி இரட்டையாக விழும். மிக்சி வந்த பிறகு கொல்லைப்புறத்தில் கிடந்த அம்மியைத் திண்ணைக்கு உருட்டி வந்து, கறிக்கடைகளில் பார்க்கிற புளியங்கட்டையில் ஒரு வில்லையை அதன்மேல் வைத்தேன். நரம்பு மேல்நோக்கி நிற்கும் குறுக்குவெட்டுக் கட்டை என்பதால் பல் நுனி அதில் பட்டாலும் மழுங்காது. அம்மியின் கனத்தால் அடி முழுவதும் தோலில் இறங்கியது. கொட்டாப்புளியால் ஒரே தட்டுப் போதுமானதாக இருந்தது. இரும்புச் சுத்தியலை எடுக்கக் கூடாது, உளியின் தலை பிளந்து காளான் போல விரிந்துவிடும்.

பட்டைக்கான தோல் திண்டுக்கல்லிலிருந்து வந்தது. தாவரப் பட்டைகளில் பதனிட்ட, ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள மாட்டுத்தோல். பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் பறிக்கும் ஆவாரம்பூவின் செடியிலிருந்துதான் தமிழ்நாட்டுத் தோல் பதனிடுவோர் நெடுங்காலமாகப் பட்டை உரித்து வந்தார்கள். அந்தத் தோலின் இளமஞ்சளும் மணமும் எனக்குப் பிடிக்கும். இப்படிப் பதனிட்ட தோல்தான் பல்லுளியின் குறியையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரோமில் பதனிட்ட மெத்தென்ற தோலில் குறி சற்று நேரத்தில் மூடிக்கொள்ளும்.

பட்டையின் இரு ஓரங்களிலும் மூன்று மி.மீ. உள்ளே தள்ளி, கவராயத்தால் கோடு கீறினேன். பிறகு பட்டையின் மையத்தையும் முன்தோல் அடிப்பாகத்தின் மையத்தையும் குறித்துக்கொண்டேன். ஒரு முனையிலிருந்து தொடங்கிக் குறியிட்டுக்கொண்டே போனால், பிழையெல்லாம் மறுமுனையில் குவிந்து கண்ணில் படும். மையத்திலிருந்து இரு பக்கமும் போனால் அது பாதியாகப் பிரியும். 154 இரட்டைப்படை எண் என்பதால், மையம் ஒரு துளையில் விழாமல் 77-க்கும் 78-க்கும் நடுவில் விழுந்தது. ஆகவே மையக்கோட்டுக்கு மூன்று பல் இப்புறமும் மூன்று பல் அப்புறமும் வருமாறு உளியை நிறுத்தி முதல் தட்டுத் தட்டினேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் முதல் பல் பழைய குறியில் அமரும், ஐந்து புதிய குறிகள் விழும்.

மூலைகளில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. முன்தோலின் ஒவ்வொரு மூலை வளைவிலும் 11 இடைவெளிகள் இருந்தன. பட்டையின் ஓரம் அங்கே வெளிப்புறமாக மடிந்து, இழுபட்டு வளைவோடு ஒட்டும். பட்டையிலும் அதே 3.85 வீதம் குறியிட்டால், இழுபட்டபின் துளைகள் விலகி, தோல் சுருங்கி நெளியும். அங்கே எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும், தூரம் சற்றுக் குறைந்தே இருக்க வேண்டும். தவறுதலாக வாங்கிய 3.63 உளி அதற்கு உதவியது. இரண்டு மூலைகளுக்கும் அதை எடுத்து 11 இடைவெளிகள் குறித்தேன். மூலைக்கு இரண்டரை மி.மீ. அளவு நெருக்கம் கிடைத்தது, மீதியைத் தோலே இழுபட்டுக் கொடுத்தது. திருப்பி அனுப்ப வைத்திருந்த உளிக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

வளைவதற்காக மூலைகளை ஈரத்துணியால் நனைத்திருந்தேன். அந்த ஈரத்தோடு குத்தூசியைச் செருகி, காப்பி குடிக்கப் போய், திரும்பி வந்து பார்த்தால் ஊசியைச் சுற்றி நீலக்கறுப்பாக ஒரு வட்டம். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் மை ஆவது போல, தோலில் இருக்கும் துவர்ப்பு ஈர இரும்பைக் கண்டால் கறுத்துவிடும். எலுமிச்சைச் சாற்றைத் துளித் துளியாகத் தடவியதில் மங்கியது, முழுவதும் போகவில்லை. துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று உளியில் தேங்காய் எண்ணெய் பூசுவதும் இந்தத் தோலுக்கு ஆகாது, குறியைச் சுற்றிக் கறை படரும். தேன்மெழுகில் பல்லை ஒரு முறை குத்தி எடுப்பது போதும். பாபநாசத்துக்கு மேலே காணி மக்கள் எடுக்கும் மலைத்தேனின் அடைமெழுகில் சிறிதளவு குங்கிலியம் சேர்த்து உருக்கி வைத்திருக்கிறேன். வெறும் மெழுகு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பிசுபிசுத்துப் போகும், குங்கிலியம் அதை நிறுத்திப் பிடிக்கிறது.

குறியிட்ட பின் குத்தூசி. அதன் குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருக்கும். அந்தச் சாய்சதுரத்தின் நீண்ட மூலைவிட்டம், பல்லுளி வைத்த கீறலின் சாய்விலேயே நிற்க வேண்டும், ஊசி தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். இந்த இரண்டையும் கை ஒருசேரக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பது துளைகள் ஆயின. கீறல் ஏன் சாய்ந்திருக்க வேண்டும் என்றால், இரு நூல்களில் ஒன்று கீறலின் மேல்முனையிலும் மற்றொன்று கீழ்முனையிலும் தங்கும். தையல் சாய்ந்து விழும் அழகு அதனால் வருவது. கீறல்கள் தையல் கோட்டின் திசையிலேயே கிடந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து கிழியும். பழைய முன்தோலின் துளைகளோ வட்டமானவை, அந்தப் பக்கத்தில் தையல் கிட்டத்தட்ட நேராகத்தான் விழும். பட்டைப் பக்கம் சாய்வு, முன்பக்கம் நேர். அதை மாற்ற முயலவில்லை.

தோள்வார் வேலையில் ஒரு முழுநாளை இழந்தேன். வாருக்கு இரண்டு அடுக்குத் தோல். இரண்டையும் தனித்தனியே, அவற்றின் மேல்பக்கத்திலிருந்து, அதே உளியால் குறியிட்டுத் துளைத்து, முதுகோடு முதுகாக ஒட்டினேன். ஊசி நுழையவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொரு துளையிலும் இரண்டு கீறல்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டன. வலப்பக்கம் சாய்ந்த கீறல், தோலைத் திருப்பினால் இடப்பக்கம் சாய்ந்ததாகிவிடும். உளியை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்தால் சரியாகும் என்று தோன்றும். அரை வட்டம் சுற்றினாலும் சாய்வு அதேதான், வீட்டில் ஒரு தாளில் குறித்துப் பார்க்கலாம். இதற்கென்றே எதிர்ச்சாய்வு உளி தனியாக விற்கிறார்கள். இரண்டு அடுக்கையும் முதலில் ஒட்டிவிட்டு, மேலடுக்கில் மட்டும் குறியிட்டு, குத்தூசியை இரண்டின் ஊடாகவும் இறக்குவது செலவில்லாத வழி. இரண்டாவது வாரை அப்படித்தான் செய்தேன். முதல் வார் இப்போது என் உளிகளுக்கு உறை.

தைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 0.8 மி.மீ. மெழுகிட்ட பாலியெஸ்டர் நூலில், தையல் நீளத்தைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல், 2.6 மீட்டர் எடுத்து, இரு முனைகளிலும் நுனி மழுங்கிய ஊசி கோத்தேன். மையம், இரு மூலைகள், இரு வாய்முனைகள் ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தற்காலிகமாக நூல் கட்டிக்கொண்டதால் எண்ணிக்கை எங்கும் நழுவவில்லை. ஒவ்வொரு துளையிலும் இடக்கை ஊசி முதலில், வலக்கை ஊசி பின்னால். நடுவில் வரிசையை மாற்றினால் அந்த ஒரு தையல் மட்டும் தலைகீழாகச் சாய்ந்து நிற்கும். முன்தோலுக்கு இரண்டு மாலைகள், பின்தோலுக்கு ஒன்றரை. பின்தோலிலும் 154 துளைகளே என்று நம்பிவிட்டேன். அப்பா எண்ணிவிட்டு 155 என்றார். அந்தப் பக்கத்துக் கடைசிப் பத்து இடைவெளிகளை இரண்டு பல் உளியாலும் கவராயத்தாலும் நெருக்கிப் பதினொன்றாக்கிக் குறித்தேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை மி.மீ.; வாய்ப்பக்கத்து மடிப்பின் கீழே அது வெளியில் தெரியவில்லை.

இரண்டு மாதமாக அப்பா அதில் ஓய்வூதியப் புத்தகமும் மின்கட்டண அட்டையும் கண்ணாடிக் கூடும் வைத்துக்கொண்டு நியாய விலைக் கடைக்குப் போய் வருகிறார். நேற்று நூலைச் சோதித்துப் பார்த்தேன். அடி மூலைகளில், 3.63 உளி வைத்த இடத்தில், தையல் ஒன்றுகூடத் தளரவில்லை. எலுமிச்சை தடவிய வட்டம் மட்டும் தோலோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறது.